உரியவர் வாங்க மறுத்தார்

அந்தக் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். கேட் ஒன்று. கேட்டுக்குக் காவலாளி ஒருவர். அவரை எல்லோரும் ‘கையெழுத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘கையெழுத்து அண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போங்க’ என்று மாடியிலிருந்து போனில் சொன்னால் போதும். கீழே பார்சலோடு நிற்கிற ஆளுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்கிவிடும்.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. காலை எட்டரைக்கு மேல் அந்தக் குடியிருப்பில் ஆள் நடமாட்டம் கிடையாது. எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடி விரலால் தட்டித் தட்டிக் கேட்டதெல்லாம் பகலில் கேட்டுக்கு வந்து நிற்கும். அதையெல்லாம் கை நீட்டி வாங்கி, கையெழுத்துப் போட்டு, வீட்டு எண் வாரியாகத் தன் அறையில் அடுக்கி வைப்பது இவர் வழக்கம். போன் கண்ணாடியில் விரலால் கிறுக்கச் சொன்னால்கூட இவர் கிறுக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தது போல எழுதுவார். கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. இவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கேட்டை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரே ஒரு தங்கை. வேறு யாருமில்லை, வேறு ஆசையுமில்லை.

வருகிற பார்சலில் பத்துக்கு எட்டு ஒரே கம்பெனியிலிருந்து வருவது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அதற்கு விளம்பரம் ஏற்கெனவே போதும். குடியிருப்பில் பெட்டிக் கம்பெனி என்பார்கள். ஒரு பொத்தான் கேட்டாலும் ஒரு முழம் நீளப் பெட்டியில் வைத்து அனுப்புகிற கம்பெனி. அந்தப் பெட்டிகளைக் கட்டுகிற அறுநூறு பேரில் ஒருத்தி இவருடைய தங்கை.

தங்கை பதினோரு வருடமாக அந்தக் கிடங்கில் வேலை பார்த்தாள். ஊருக்கு வெளியே இருந்த கிடங்கு அது. பக்கத்திலேயே இரண்டு தோழிகளோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வருவாள். வேலை கஷ்டமில்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மேஜை முன்னால் நிற்க வேண்டும். பதினோரு வருடம் நின்றதில் கால் நரம்புகள் புடைத்து, முழங்காலுக்குக் கீழே கயிறு சுற்றி வைத்தாற்போல ஆகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி உட்கார்ந்து வேலை பார், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

அவள் ஒரு முக்காலி கேட்டாள். மேற்பார்வையாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். நிற்கிறவர் மணிக்கு நூற்றி நாற்பது பெட்டி கட்டுகிறார், உட்கார்ந்தால் நூற்றி முப்பத்தொன்று. ஒன்பது பெட்டி குறைகிறது, அந்தப் பெட்டிகளுக்குக் காத்திருக்கிற ஒன்பது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். அவள் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து கட்டினாள். அவர் பின்னால் வந்து கூடையை உருவினார். அவள் விழுந்தாள். மறுநாள் காலை அறுநூறு பேரும் உள்ளே போகவில்லை. ஆளுக்கொரு முக்காலி தந்தால்தான் போவோம் என்று கிடங்கு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கைக்கு இது விளையாட்டு இல்லை. நின்றால் கால் போகும், நிற்காவிட்டால் வேலை போகும். நாற்பத்தாறு வயதில் இன்னொரு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் கட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தாள். அதில் இரண்டே வரி. ‘பெட்டிக் கம்பெனியிடம் எதையும் வாங்காதீர்கள். நியாயமான மாற்றுக் கடைகளைத் தேடிச் செல்லுங்கள்.’

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை தங்கையின் காலைப் பார்த்தார்.

“வாங்க மாட்டேன்,” என்றார். “நீ பேசாம போ.”

தமிழில் ‘வாங்கு’ என்கிற சொல்லைப் போல ஓய்வில்லாமல் உழைக்கிற சொல் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். காசு கொடுத்தும் வாங்கலாம், சும்மா கை நீட்டியும் வாங்கலாம். அடி வாங்கலாம், திட்டு வாங்கலாம், மாடி ஏறினால் மூச்சு வாங்கலாம். ஆளை நிற்க வைத்து வேலையும் வாங்கலாம். துண்டுத்தாளை எழுதிய தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இத்தனையையும் யோசித்திருக்க மாட்டார்கள், பாவம். ஜனங்கள் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். ஆனால் கையெழுத்து அண்ணன் ஆயுளில் விரலால் தட்டி ஒரு குண்டூசி கேட்டதில்லை. அவருக்கு வாங்குவது என்றால் கேட்டில் நின்று கை நீட்டுவதுதான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டெலிவரிக்காரர் வந்தார். அவரும் நடுவயதுக்காரர், மஞ்சள் தொப்பி, இவரோடு எட்டு வருடப் பழக்கம். பதினோரு பெட்டிகளை இறக்கி, போனை நீட்டினார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்க மாட்டேன் தம்பி.”

“கை வலியா அண்ணே?”

“கை நல்லாத்தான் இருக்கு. வாங்கறதா இல்ல.”

மஞ்சள் தொப்பிக்குப் புரிய வைக்கச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவர் போனைத் தட்டினார். பார்சலைக் கொடுக்க முடியாவிட்டால் காரணம் சொல்ல அதில் மூன்று வரிகள் இருந்தன. ‘வீடு பூட்டியிருந்தது’, ‘முகவரி தவறு’, ‘உரியவர் வாங்க மறுத்தார்’. மூன்றாவதை எட்டு வருடத்தில் அவர் தொட்டதே கிடையாது. காசு கட்டிக் கேட்ட பொருளை எந்தக் கிறுக்கன் வேண்டாம் என்பான்? அன்றைக்குப் பதினோரு தடவை தொட்டார். அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடைக்குத்தான் கூலி; கொண்டுவந்தால் ஒரு நடை, திருப்பிக் கொண்டுபோனால் இன்னொரு நடை. மறுநாள் பதினாலு பெட்டியோடு சந்தோஷமாகவே வந்தார்.

சாயங்காலம் குடியிருப்பு கொதித்தது. மூன்றாம் மாடிக்காரருக்குக் குடை வரவில்லை, வெளியே மழை. இரண்டாம் மாடி அம்மாவின் பூனைக்கு, அது வெளிக்குப் போகிற மணல் வரவில்லை. பூனை யாருக்காகவும் காத்திருக்கிற பிராணியும் இல்லை. ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். இவர் துண்டுத்தாளைக் காட்டி, தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரே பதிலைச் சொன்னார். சிலர் கெஞ்சினார்கள், சிலர் அதட்டினார்கள். மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

விஷயம் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனது. ஐந்தாம் மாடியில் இருந்த அந்த அம்மாள் முப்பத்தைந்து வருடம் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர். வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று நாலு பேர் கத்தியபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காவலாளி அறைச் சுவரில் தொங்கிய தகட்டைப் படித்தார். அதில் காவலாளியின் கடமைகள் ஒன்பது. கேட்டைத் திறப்பது, மூடுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, அன்னியரை விசாரிப்பது என்று ஒன்பது. பார்சல் வாங்குவது அதில் இல்லை. இத்தனை வருடம் அந்த மனிதர் வாங்கியது அவருடைய தயவு. தயவு காட்டாததற்காக ஒருவரைத் தூக்க முடியாது. பத்தாவது கடமையாக ‘பார்சல் வாங்குதல்’ என்று சேர்க்கலாம். அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும், இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

“இருபத்தொரு நாள் பூனை என்ன செய்யும்?” என்று இரண்டாம் மாடி அம்மா கேட்டார்.

அது விதியில் இல்லை என்று செயலாளர் சொன்னார்.

அந்தக் கேள்வி கையெழுத்து அண்ணனை உறுத்தியது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. துண்டுத்தாளை மறுபடி எடுத்துப் படித்தபோது இரண்டாவது வரி கண்ணில் குத்தியது. ‘நியாயமான மாற்றுக் கடைகளைத் தேடிச் செல்லுங்கள்.’ முதல் வரியை மட்டும் நிறைவேற்றிவிட்டு இரண்டாவதை விட்டால் அது பாதி வாக்கு. மதியம் ஒன்று முதல் நான்கு வரை கேட்டைப் பூட்டிவிட்டு ஓய்வெடுக்க அவருக்கு அனுமதி உண்டு. மறுநாள் முதல் அந்த மூன்று மணி நேரமும் கடைத்தெருவில் கழிந்தது.

திரும்பிப் போன ஒவ்வொரு பெட்டியின் மேலும் என்ன எழுதியிருந்தது என்று நீளமான கேட் நோட்டில் குறித்து வைத்திருந்தார். குடை, பூனை மணல், சுவர்க்கடிகாரம், குழந்தைக்கு வண்ணப் பென்சில், ஏழாம் மாடியிலிருந்து ஏதோ ஒரு வயிற்றைக் குறைக்கிற பட்டை. பொருள் கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கடை நியாயமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. பெரிய படிப்பு படித்தவர்கள் இதற்கு நூறு பக்கம் எழுதுவார்கள். இவர் கட்டிலில் பார்த்த தங்கையின் காலை நினைத்துக்கொண்டார், ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கடைக்குள் போவார். முதலாளியைப் பார்க்க மாட்டார். வேலையாளைப் பார்த்துக் கேட்பார்.

“உங்களுக்கு உக்கார இடம் இருக்கா?”

காக்கிச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் நீள நோட்டு. பதிலைக் கேட்டுவிட்டு மணி மணியான எழுத்தில் எதையோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிற மனிதர். கடைத்தெருவில் அவரை யார் என்று நினைப்பார்கள்? முதல் நாள் நாலு கடை. இரண்டாம் நாள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஏதோ புதுச் சட்டம் வந்திருக்கிறது, முக்காலி இல்லாத கடைக்கு சீல் வைக்கப் போகிறார்கள், அதிகாரி நேர்மையானவர், ஒரு சோடா கூட வாங்கிக் குடிக்கவில்லை.

முக்காலி விற்கிற கடை ஒன்றும் தெருவில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் நாற்பது முக்காலிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஏன் உட்காரவில்லை என்று இவர் கேட்டபோது முதலாளி ஓடி வந்து விளக்கினார். உட்கார்ந்தால் அது பழைய முக்காலி ஆகிவிடும், பழையதை எப்படிப் புதியது என்று விற்பது, அது ஏமாற்று வேலை இல்லையா என்றார். இவர் நோட்டில் எழுதினார்: ‘முக்காலிக் கடை. முக்காலி இல்லை.’ அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கடையின் சரக்கு முழுவதையும் மற்றக் கடைக்காரர்கள் பயத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வேலையாள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். இப்போது நிஜமாகவே முக்காலி இல்லை.

கிடைக்காமல் போன கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போனை எடுத்து விரலால் தட்டினார்கள். பெட்டிக் கம்பெனியிலிருந்து முப்பது முக்காலி மறுநாளே வந்து இறங்கியது. உட்கார ஒரு முக்காலி கேட்டவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே இருந்து முக்காலி விற்கிற கம்பெனி. அதைக் கட்டி அனுப்பியவர்கள் மேனேஜர்கள். ஆள் இல்லாததால் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்களே கட்டினார்கள். அவர்களுக்கு மூன்று வரை எண்ணுவதில் ஏதோ சிக்கல் இருந்திருக்க வேண்டும். வந்த முக்காலிகளில் முக்கால்வாசிக்கு இரண்டு கால்தான். கடைக்காரர்கள் அவற்றைச் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். துணிக்கடைப் பெண் ஒருத்தி இரண்டு காலை முக்காலியும் இரண்டு காலைத் தானும் கொடுத்து, விழாமல் உட்கார்ந்திருந்தாள். நின்றபோதே நிம்மதியாக இருந்தது என்று இவரிடம் மெல்லச் சொன்னாள்.

முக்காலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் இவர் அந்தக் கடைகள் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தார். கடைசியில் தேறியது நாலு கடை. குடைக் கடையை இரண்டு சகோதரிகள் நடத்தினார்கள், இருவரும் உட்கார்ந்தே சண்டை போட்டார்கள். இரும்புச் சாமான் கடையில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் பழைய தலையணை கட்டியிருந்தது. மருந்துக்கடையில் ஒழுங்கான நாற்காலி. எழுதுபொருள் கடையில்தான் அதிசயம். வேலையாள் உட்கார்ந்திருந்தார், முதலாளி நின்றுகொண்டிருந்தார். விசாரித்தால் முதலாளிக்கு மூலம். காரணம் எதுவானால் என்ன, உட்கார்ந்திருப்பது உட்கார்ந்திருப்பதுதான் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

நாலு கடையின் பட்டியல் லிப்ட்டுக்குள் ஒட்டப்பட்டது. எந்தக் கடையில் எது கிடைக்கும், எப்படிப் போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அழகான எழுத்தில் இருந்தது. லிப்ட்டில் வேறு படிக்க ஒன்றும் இல்லாததால் எல்லோரும் படித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மூன்றாம் மாடிக்காரர் குடை வாங்கி வந்து, சகோதரிகள் சண்டையை மனைவியிடம் நடித்துக் காட்டினார். பூனை மணல் மட்டும் எங்கும் இல்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு வாளி மணலை வாங்கி, சலித்து, வெயிலில் காயவைத்து இவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பூனை ஒரு நாள் யோசித்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். பத்து நாள் வெயிலில் உட்கார்ந்து கறுத்துப் போயிருந்தாள். கம்பெனி இறங்கி வரவில்லை, சங்கத்தில் பாதிப் பேருக்கு மனசு தளர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரம் தாங்குவது கஷ்டம் என்றாள். பேச்சை மாற்றுவதற்காக அண்ணன் தன் ஒரு வாரக் கதையைச் சொன்னார். நோட்டைக் காட்டினார். எண்பது பார்சல் வாங்கவில்லை என்றார். அவள் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணா, வாங்காதீங்கன்னா காசு குடுத்து வாங்காதீங்கன்னு அர்த்தம். வந்ததைக் கை நீட்டி வாங்கறதுல தப்பே இல்ல. உன்னை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?”

அவர் நோட்டை மூடினார். முகம் விழுந்துவிட்டது.

“நான் என்னிக்கு அவங்ககிட்ட காசு குடுத்து வாங்கியிருக்கேன்? ஒரு ஊசி கூட வாங்கினதில்ல. அப்ப நீ குடுத்த தாள் எனக்கு இல்லயா? விழுந்தது என் தங்கச்சி. காசு உள்ளவன் மட்டும்தான் அதுக்குக் கோவப்படணுமா?”

சின்ன வயதிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவர் தவறை அவரிடமே சுட்டிக்காட்டியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

“உனக்குந்தான் குடுத்தேன்,” என்றாள். “வாங்காதே. நான் சொல்ற வரைக்கும் எதையுமே வாங்காதே.”

இதற்கிடையில் கம்பெனியின் கம்ப்யூட்டர் கவலைப்பட ஆரம்பித்திருந்தது. வேலைநிறுத்தம் அதற்குப் புரியாது. ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கில் ‘உரியவர் வாங்க மறுத்தார்’ என்று வந்தால் மட்டும் அதற்குப் புரியும். அந்தக் குடியிருப்பு தன்மேல் ஏதோ மனத்தாங்கலில் இருக்கிறது என்று அது முடிவு கட்டியது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு அட்டை, கூடவே ஒரு வாசனை மெழுகுவர்த்தி, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொன்னது. மஞ்சள் தொப்பி கொண்டு வந்தார். கையெழுத்து அண்ணன் வாங்கவில்லை. நாற்பத்திரண்டு மன்னிப்பும் திரும்பிப் போயின. மன்னிப்பையே மறுக்கிறார்கள் என்றால் கோபம் பெரிது என்று கம்ப்யூட்டர் மேலும் கவலைப்பட்டு, மன்னிப்பு சரியாகக் கேட்காததற்கு ஒரு மன்னிப்பும் இரண்டு மெழுகுவர்த்தியும் அனுப்பியது. அதுவும் திரும்பியது. பிறகு நான்கு மெழுகுவர்த்தி. நல்ல வளர்ப்பு வளர்த்திருக்கிறார்கள் கம்ப்யூட்டரை, மனிதர்களை அப்படி வளர்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அத்தனை மன்னிப்பையும் யார் கட்டுவது? மேனேஜர்கள்தான். திரும்பி வந்ததைப் பிரித்து, எண்ணி, மறுபடி கட்டி, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நின்றார்கள். கம்ப்யூட்டரிடம் போதும் என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கான ஆள் தலைமை அலுவலகத்தில் விடுமுறையில் இருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டதிலிருந்து பதினேழாம் நாள் ஒரு மேனேஜர் நொண்டினார். பத்தொன்பதாம் நாள் இருவர் டாக்டரிடம் போனார்கள். இருபத்திரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, கூடையை உருவிய அதே மேற்பார்வையாளர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கிடங்கின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே இருந்த அறுநூறு பேரும் பார்த்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. தங்கை எழுந்து போய்க் கதவருகே நின்று, “காலை நீட்டி உக்காருங்க சார், அப்பதான் ரத்தம் ஓடும்,” என்று மட்டும் சொன்னாள்.

அதே நாள் சாயங்காலம் குடியிருப்பில் பொதுக்குழு கூடியது. பத்தாவது கடமைக்கு ஆதரவாகப் பதினேழு கை தூக்கியது. மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. பூனை அம்மா எதிர்த்து வாக்களித்தார். செயலாளரும் எதிர்த்தார். தகட்டில் பத்தாவது வரிக்கு இடமில்லை என்று காரணம் சொன்னார். கையெழுத்து அண்ணன் கேட்டில் இருந்தார், முடிவை யாரோ லிப்ட்டிலிருந்து இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருபத்துநாலாம் நாள் மாலை ஐந்தே கால் மணி. மஞ்சள் தொப்பி வந்தார். அன்றைக்கு ஒரே ஒரு பெட்டிதான். சின்னது. ஒட்டிய நாடா நேர்கோடாக, மூலைகள் மடிந்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

“வாங்க மாட்டேன்னு தெரியுமில்ல?”

“மேல யாருக்கும் இல்லண்ணே. உங்களுக்கு வந்திருக்கு.”

அவர் நம்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, அதன்பின் அவருடைய முழுப்பெயர். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட பெயர். வீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘காவலாளி அறை’. தன் பெயரை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் பெயருக்கு இதுவரை ஒரு பெட்டியும் வந்ததில்லை. யார் அனுப்பியது என்று அதில் இல்லை, கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருந்தது. மேனேஜர்கள் தன்னை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அதே சமயம் கை அரித்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. ஒரு தடவை விரலால் பெட்டியின் மூலையைத் தொட்டார்.

“வேண்டாம். கொண்டு போ.”

“யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“யோசிச்சாச்சு. மூணாவது வரியைத் தட்டு.”

மஞ்சள் தொப்பி தட்டினார். வண்டி தெருமுனையில் திரும்புகிற வரை இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தவருக்கு எதுவும் ஓடவில்லை.

ஆறு அடித்து ஐந்து நிமிடத்துக்கு போன் வந்தது. தங்கை. பின்னணியில் பலபேர் பேசுகிற, சிரிக்கிற சத்தம். காலையிலேயே கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது என்றாள். ஆளுக்கொரு முக்காலி, மூன்று காலும் உண்டு. எட்டு மணிக்கே உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள், போன்களை வழக்கம்போலப் பூட்டி வைத்துவிட்டார்கள், அதற்கு முன்னால் கிடைத்த இரண்டு நிமிடத்தில் அண்ணன் பேருக்கு ஒன்று தட்டினாள். சாமான் எடுத்து வருகிற தோழியிடம் சொல்லி, அதைத் தன் மேஜைக்கே வரவழைத்தாள். இதைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்று. காலையில் கேட்டால் மாலையில் வந்துவிடும் என்பது கம்பெனியின் பெருமை. தான் சொல்வதற்கு முன்னால் பெட்டி சொல்லட்டும் என்று நினைத்தாளாம்.

“வந்துச்சா அண்ணா? வாங்கினியா?”

அண்ணன் கேட்டுக்கு வெளியே, வண்டி திரும்பிய தெருமுனையைப் பார்த்தார்.

“வாங்கலம்மா. நீ சொல்ற வரைக்கும் வாங்காதேன்னு சொன்னே.”

அவள் போனோடு கூட்டத்தைவிட்டுத் தள்ளிப் போனாள், பின்னணிச் சிரிப்பு தூரமானது.

“உள்ள என்ன வச்சிருந்தே?” என்று அவர் கேட்டார்.

“என்ன இருந்தா என்ன? பதினோரு வருஷத்துல நான் உக்காந்து கட்டின முதப் பெட்டி அது.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“திரும்பி உன்கிட்டதான் வரும்,” என்றார். “நீயே பிரி. அவசரப்படாதே. உக்காந்து பிரி.”